புல் ரிக்வெஸ்ட்டுக்குப் பச்சை டிக், அங்கிளுக்கு வெறும் எண்கள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் புளோக்கின் நான்காம் மாடியில் ஓர் அங்கிள் இருக்கிறார். கிளாக்கோமா வந்து பார்வை பெரும்பாலும் போய்விட்டது. லேப்டாப்பில் ஸ்கிரீன் ரீடர் போட்டு எல்லாவற்றையும் காதால்தான் படிக்கிறார். போன வருடம் ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீங்க செஞ்ச பக்கம்னு சொன்னீங்களே, அது தமிழ்ல வச்சா பேச மாட்டேங்குது” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தார். திரையில் அழகான தமிழ். ஸ்பீக்கரிலோ “ட்வென்ட்டி ஃபைவ்... தேர்ட்டி ஒன்...” என்று ஆங்கிலத்தில் எண்கள் மட்டும். கட்டணமும் கடைசித் தேதியும். எதற்குக் கட்டணம், எதற்குத் தேதி என்று சொல்லும் தமிழ் வரிகளை எல்லாம் அந்தக் குரல் தாண்டிக்கொண்டே போனது.

அந்தப் பக்கத்தின் புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது செயலியில் சேர்க்கும் முன் இன்னொருவர் சரிபார்க்க அனுப்பும் நிரல் மாற்றத்தை, ரிவியூ செய்தவன் நான்தான். உடற்குறை உள்ளவர்களும் பக்கத்தைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கும் தானியங்கி அணுகல்தன்மைச் சோதனை ஓடி, பிழை ஒன்றும் இல்லை என்று பச்சை டிக் போட்டிருந்தது. நானும் அப்ரூவ் அழுத்திவிட்டேன்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், காரணம் ஒரே வரி. ஒரு பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் நிரலின் தலையில் ‘லாங்’ என்ற பண்பு சொல்கிறது. பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் ஸ்கிரீன் ரீடர் குரலை மாற்றும். எங்கள் செயலியில் மொழியை மாற்றினால் எழுத்துகள் மாறின, தலையில் இருந்த ‘ஆங்கிலம்’ அப்படியே நின்றது. தமிழைக் கண்ட ஆங்கிலக் குரல் என்ன செய்யும்? சில குரல்கள் உளறும், சில வாயை மூடிக்கொள்ளும்.

கருவி ஏன் விட்டது? அதனிடம் இரண்டே கேள்விகள்: ‘லாங்’ இருக்கிறதா, அதில் இருப்பது செல்லுபடியாகும் மொழிக்குறியீடா. இரண்டுக்கும் ஆமாம். கீழே இருப்பது தமிழா ஆங்கிலமா என்று அது பார்க்கவே இல்லை. இத்தனைக்கும் பக்கத்தின் மொழியைச் சரியாகக் குறிப்பது டபிள்யூசிஏஜி என்ற உலக அணுகல்தன்மை நெறிமுறையில் ‘ஏ’ நிலை, அதாவது அடிமட்டத் தேவை. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊரில் இதைத் தவறவிட்டோம்.

இதைக் கேட்டுவிட்டு, கருவியே வேண்டாம் என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். ஆக்ஸ்-கோர் போன்ற திறமூலச் சோதனைக் கருவிகள் இல்லாமல் நான் இன்று ஒரு வரிகூட மெர்ஜ் செய்ய, அதாவது செயலியில் இணைக்க, மாட்டேன். எங்கள் டிசைனர்களுக்கு வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற சாம்பல் நிறத்தின்மேல் தீராத காதல். அதன் நிறமாறுபாடு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 2.85:1 தான். சாதாரண அளவு எழுத்துக்குத் தேவை 4.5:1. நான் கண்ணால் பார்த்துச் சொன்னால் அது வாக்குவாதம். கருவி எண்ணோடு சொன்னால் 767676-க்கு மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள், அது 4.54. லேபிள் இல்லாத பெட்டி, பெயரில்லாத பட்டன், விவரிக்கும் மாற்று உரை இல்லாத படம் எல்லாம் புல் ரிக்வெஸ்ட்டிலேயே சிக்கினால் ஐந்து நிமிட வேலை. பயனர் கைக்குப் போனபின் சிக்கினால் டிக்கெட், மீட்டிங், மறுபடி டெஸ்டிங்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நிரல் வரிகளை மட்டும் வாசிக்கும் லின்டர் என்ற வகைக் கருவி நிறமாறுபாட்டைப் பிடிக்காது. பக்கம் பிரௌசரில் உண்மையில் திறந்தால்தான் எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் என்று தெரியும். படத்தின்மேல் எழுத்து இருந்தால் ஆக்ஸ்கூட “முடிவு சொல்ல முடியவில்லை, ஆள் பார்க்கவும்” என்று தனியாக ஒதுக்கி வைக்கும். அந்த ஒதுக்கலை எங்கள் குழுவில் ரொம்ப நாள் யாரும் திறந்ததே இல்லை. நானும்தான்.

முதல் தடவை சோதனையைப் பைப்லைனில், அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் வரிசையில், சேர்த்தபோது பழைய பிழைகள் அத்தனையும் சிவப்பாகக் கொட்டின. மூன்றாம் நாள் யாரோ அதை அணைத்துவிட்டார்கள். அப்புறம்தான் புத்தி வந்தது: பழைய பிழைகளைப் பட்டியலிட்டு ஒதுக்கிவிட்டு, புதிதாகச் சேர்ந்தால் மட்டும் பில்டு நிற்கும்படி வைத்தோம். இப்போது யாரும் முனகுவதில்லை.

ஏமாற்று வேலைதான் வேறு கதை. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், பட்டனுக்குப் பெயர் இல்லை என்று கருவி கத்தியதும் ‘பட்டன்’ என்றே பெயர் வைத்தார். ஸ்கிரீன் ரீடர் “பட்டன் பட்டன்” என்று வாசித்தது. “டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சே அண்ணா” என்றார். அவரைத் திட்ட மனம் வரவில்லை, தமிழ்ப் பக்கத்துக்கு நான் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

பிரிட்டன் அரசின் டிஜிட்டல் குழு 2017-இல் வேண்டுமென்றே அணுகல்தன்மை ஓட்டைகள் நிறைந்த ஒரு பக்கத்தைச் செய்து, பல கருவிகளை அதன்மேல் ஓடவிட்டது. மிகச் சிறந்த கருவிகூட ஓட்டைகளில் பாதியை எட்டவில்லை. இங்கே அரசின் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக் ‘ஊபி’ என்ற கருவியைத் திறமூலமாகத் தருகிறது, முன்பு ‘பர்ப்பிள் ஏ11ஒய்’ என்ற பெயரில் இருந்தது. முழுத் தளத்தையும் அலசிப் பார்க்க நல்ல கருவி. அதன் அறிக்கை சுத்தமாக வந்தாலும் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் ஒரு தடவை பக்கம் முழுக்கப் போய் வாருங்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், அதைப் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். அதோடு தமிழிலும் ஒரு முறை. ‘சப்மிட்’ இருந்த இடத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ வந்தால் பட்டன் தாங்குகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

திருத்தம் ஒரு வரி. அதோடு ஒரு டெஸ்ட்டும் எழுதினோம்: நான்கு மொழிகளையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, ‘லாங்’ கூடவே மாறுகிறதா என்று பார்க்கும். அங்கிள் காதால் கண்டுபிடித்ததை இப்போது ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் இயந்திரம் காவல் காக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அவரிடம் காட்டினேன். குரல் கொஞ்சம் ரோபோத் தமிழ்தான், ஆனாலும் கட்டணம் எதற்கு என்று சொன்னது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். “தம்பி, இந்த ஓடிபி கட்டம் ஆறு இருக்கு. ஆறும் ‘ஓடிபி, ஓடிபி’ன்னே சொல்லுது. நான் எத்தனையாவதுல நிக்கிறேன்?”

ஆறு கட்டங்களுக்கும் லேபிள் இருந்தது. கருவி அதற்கும் பச்சைதான் போட்டிருந்தது.