இழுக்கும்போது எதுவும் நகர்வதில்லை

போன மாதம் வீட்டு உபயோகத்துக்குச் சின்னதாக ஒரு செயலி எழுதினேன். போனில் எடுத்த படங்களின் அளவைக் குறைத்து, தேதிவாரியாகப் பெயர் மாற்றித் தரும். அவ்வளவுதான் அதன் வேலை. நடுவில் புள்ளிக்கோட்டால் ஒரு பெட்டி போட்டு, 'படங்களை இங்கே இழுத்துப் போடவும்' என்று எழுதி வைத்தேன். பெட்டி வரைய ஐந்து நிமிடம். அதற்குள் படம் விழ வைக்க இரண்டு நாள்.

இழுத்துப் போடுவது என்றால் என்ன என்பதையே தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். ஃபோல்டரில் ஒரு படத்தை மவுஸால் பிடித்து இழுக்கிறோம். மங்கலாக ஒரு சின்ன உருவம் கூடவே வருகிறது. வேறொரு விண்டோவில் கொண்டுபோய் விடுகிறோம். ஏதோ ஒரு பொருள் இங்கிருந்து அங்கே போவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் விடும் வரை அந்த ஃபைலின் ஒரு பைட்கூட இடம் மாறுவதில்லை. கர்சரோடு வரும் உருவம் வெறும் அலங்காரம். நடப்பது இரண்டு புரோகிராம்களுக்கு இடையே ஒரு பேரம். மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி. பேச்சு முடியும் வரை மாடு கட்டிய இடத்திலேயே நிற்கும்.

பேரம் மவுஸ் பொத்தானை அழுத்தியதுமே தொடங்கிவிடாது. சும்மா க்ளிக் செய்யும்போதே கை ஒன்றிரண்டு பிக்சல் அசையும். அதையெல்லாம் இழுப்பு என்று எடுத்துக்கொண்டால் ஒரு ஃபைலையும் நிம்மதியாகத் திறக்க முடியாது. அழுத்திய புள்ளியிலிருந்து இவ்வளவு தூரம் தாண்டினால்தான் இழுப்பு என்று ஒரு கணக்கு உண்டு. விண்டோஸ் வைத்திருப்பது 4 பிக்சல். செயலி எழுத நான் பயன்படுத்திய க்யூட் என்ற ஆயத்தக் கோட் தொகுப்பில் (நூலகம் என்பார்கள்) 10.

அந்த எல்லையைத் தாண்டியதும், அனுப்பும் புரோகிராம் ஒரு பொட்டலம் கட்டுகிறது. அதற்குள் சரக்கு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. என்னென்ன வடிவில் தர முடியும் என்ற பட்டியல் இருந்தால் போதும், கேட்கும்போது எடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம். பிரவுசரில் ஒரு படத்தை இழுத்தால் அதன் இணைய முகவரி, எச்டிஎம்எல் (வலைப்பக்க மொழி) துண்டு, படம் என்று பல வடிவங்கள் ஒரே பட்டியலில் வரும். எழுத்து மட்டும் தெரிந்த இடத்தில் விட்டால் முகவரி விழுகிறது, படம் தெரிந்த இடத்தில் விட்டால் படம் விழுகிறது. மின்னஞ்சலோடு வந்த இணைப்பை டெஸ்க்டாப்புக்கு இழுக்கும்போது அப்படி ஒரு ஃபைலே வட்டில் இல்லாமலும் இருக்கலாம். விட்ட பிறகுதான் உருவாக்கித் தரப்படும். மேக்கில் இதற்கு 'ஃபைல் வாக்குறுதி' என்றே பெயர்.

இனி வாங்கும் பக்கம். விண்டோஸில் ஒரு விண்டோ சரக்கு வாங்கத் தயார் என்றால் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாத விண்டோ மேல் போனால் கர்சர் தடைக்குறியாக மாறிவிடும். பதிவு செய்த விண்டோவுக்கு நான்கு அழைப்புகள் வரும்: டிராக்என்டர், டிராக்ஓவர், டிராக்லீவ், டிராப். நுழைந்தது, மேலே நிற்கிறது, விலகிப் போனது, விழுந்தது. புரோகிராம்கள் தங்களுக்குள் சரக்கைப் பகிர்ந்துகொள்ள மைக்ரோசாஃப்ட் வகுத்த ஓஎல்இ 2, 1993-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது, இன்றும் ஓடுகிறது. அதற்கு முந்தைய வருடம் வந்த விண்டோஸ் 3.1-ல் இவ்வளவு பேச்சு இல்லை. ஃபைல்கள் விழுந்த பிறகு 'விழுந்துவிட்டது' என்று ஒரே ஒரு சேதி, கூடவே பெயர்ப் பட்டியல்.

நான் முதல் நாளில் டிராப்புக்கு மட்டும் கோட் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அது அழைக்கப்படவே இல்லை. நுழையும்போது 'வேண்டுமா?' என்று கேட்டதற்கு என் விண்டோ வாயைத் திறக்கவில்லை. பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம், அத்தோடு பேரம் முடிந்தது. க்யூட்டில் இதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத்தான் மதியம் வரை தேடினேன்.

வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது, எப்படி வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். நகலா, நகர்த்தலா, வெறும் ஷார்ட்கட்டா? கன்ட்ரோல் விசையை அழுத்தியதும் கர்சர் அருகில் கூட்டல் குறி முளைக்கிறதே, அது இந்தப் பதிலின் விளைவுதான். மவுஸ் அசைய அசைய டிராக்ஓவர் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பதில் போயாக வேண்டும். அங்கே உட்கார்ந்து ஃபைலைத் திறந்து 'இது நிஜமாகவே படம்தானா' என்று சோதித்தால் கர்சர் திக்கித் திக்கிப் போகும். நான் சோதித்தேன், போனது.

டிராப்பிலும் அதே கதைதான். விண்டோஸில் ஃபோல்டர்களைக் காட்டும் புரோகிராமான எக்ஸ்ப்ளோரர் நம் பதிலுக்காகக் காத்து நிற்கிறது. 200 படங்களையும் சுருக்கி முடித்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று நாம் அடம்பிடித்தால், அதுவரை எக்ஸ்ப்ளோரர் விண்டோவும் உறைந்து கிடக்கும். தப்பு நம்முடையது, திட்டு வாங்குவது எக்ஸ்ப்ளோரர். பெயர்களைக் குறித்துக்கொண்டு உடனே திரும்பிவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குவதுதான் முறை.

இதில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'நகர்த்தல்' என்று பதில் சொன்னால் பழையதை அழிப்பது யார்? ஒப்பந்தப்படி அனுப்பியவர். வாங்குபவர் நகல் எடுத்துக்கொண்டு 'நகர்த்திவிட்டேன்' என்று சொன்னால், சரி, இனி இது தேவையில்லை என்று அனுப்பியவர் மூலத்தை அழிக்கலாம். ஒரே டிரைவுக்குள் ஃபோல்டர் மாற்றும்போது எக்ஸ்ப்ளோரர் வேறு மாதிரி செய்யும். அங்கே இடம் மாறுவது பெயர்ப் பதிவு மட்டும்தான் என்பதால் வாங்கும் பக்கமே வேலையை முடித்துவிட்டு, 'நீ ஒன்றும் அழிக்காதே' என்று சொல்லிவிடும். இது தெரியாமல், நகலோ நகர்த்தலோ, அனுப்புபவர் முன்வைப்பதை அப்படியே ஒப்புக்கொள்ளும் கோட் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தேன். என் செயலி படத்தைப் படிக்கத்தான் போகிறது. படிக்க மட்டும் செய்பவர் யார் என்ன கேட்டாலும் 'நகல்' என்றே சொல்ல வேண்டும். குடும்பப் படங்களை வைத்துச் சோதிக்கும் முன் இதைக் கவனித்தது என் அதிர்ஷ்டம்.

லினக்ஸில் இதே நாடகம் வேறு மேடையில் நடக்கிறது. அங்கே விண்டோக்களைத் திரையில் காட்ட எக்ஸ்11, வேலண்ட் என்று இரண்டு ஏற்பாடுகள். எக்ஸ்11-ல் அனுப்பும் புரோகிராமே கர்சருக்குக் கீழே எந்த விண்டோ இருக்கிறது என்று தேடிப்போய்ப் பேசும். வேலண்டில் நடுவே தரகர் உண்டு, திரையை நிர்வகிக்கும் கம்பாசிட்டர்தான் அது. இரண்டிலுமே ஃபைல் பெயர்கள் பெரும்பாலும் முகவரிப் பட்டியலாக வரும். இங்கேதான் தமிழ்ப் பெயர்கள் மாட்டிக்கொண்டன. 'படம்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ப, ட, ம, புள்ளி என்று நான்கு குறியீடு. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 12. முகவரியாக எழுதும்போது ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சதவீதக் குறி, இரண்டு இலக்கங்கள், ஆக 36. மூன்றெழுத்துப் பெயர் 36 எழுத்து வாலோடு வந்து நிற்கிறது. நூலகம் இதைப் பிரித்துக் கொடுக்கும். என் அவசரத்தில் நானே வெட்டி ஒட்டப் போனதால், 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்ற பிழை. ஆங்கிலப் பெயருள்ள படங்கள் மட்டும் ஒழுங்காக விழுந்தன. விண்டோஸில் பெயர்கள் நேராக யூனிகோடில் வரும். ஆனால் யூனிகோடுக்கு முந்தைய பழைய அழைப்பைப் பயன்படுத்தினால் வரிசையாகக் கேள்விக்குறிதான் கிடைக்கும். அந்தப் பழைய முறையில் விண்டோஸ் தமிழுக்கென்று குறிமுறைப் பக்கமே, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணையே, ஒதுக்கியதில்லை.

இவ்வளவும் சரிசெய்த பிறகு, இரண்டாம் நாள் சாயங்காலம் மறுபடி தடைக்குறி. கோடில் ஒரு பிழையும் இல்லை. கோட் எழுதும் மென்பொருளை வேறெதற்கோ நிர்வாகி உரிமையோடு திறந்து வைத்திருந்தேன். அதிலிருந்து ஓட்டிய என் செயலிக்கும் அந்த உரிமை ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, உரிமை குறைந்த புரோகிராம் உரிமை கூடிய விண்டோவுக்கு இப்படிச் சேதி அனுப்ப முடியாது. எக்ஸ்ப்ளோரர் சாதாரண உரிமையோடுதான் ஓடுகிறது. பாதுகாப்புக்காக வைத்த சுவர், நியாயமானதுதான். என்ன, சுவர் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

செயலியை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மவுஸை நகர்த்த விரல் ஒத்துழைப்பதில்லை. பாதி வழியில் விட்டுவிடுவார், படம் வேறு ஏதோ ஃபோல்டருக்குள் போய் விழும். கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி மட்டும் அத்துப்படி. கிளிப்போர்டில் வருவதும் அதே பொட்டலம்தான் என்பதால் டிராப்புக்கு எழுதியதையே பேஸ்ட்டுக்கும் திருப்பிவிட்டேன், நான்கு வரியில் முடிந்தது. இரண்டு நாள் பாடுபட்டு எழுதிய பெட்டியை அவர் இன்னும் ஒரு தடவைகூடத் தொடவில்லை.