ஒரு தோட்டத்தைப் பார்த்துக் குளவிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்

போன வாரமும் கேத்தி பாலாடா பக்கமிருந்து அதே போன். "பக்கத்துத் தோட்டத்துல குளவி வந்து கோஸ் நல்லா இருக்குங்க சார். எனக்கு வரல. எல்லாம் லக்குதான், மருந்து அடிச்சிட்டேன்." பூச்சி ஆலோசனை சொல்வதே வேலையாக இருக்கும் எனக்கு இந்த லக்குப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கோஸ் இலையைச் சல்லடையாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவிகளில் நமக்கு முக்கியமானவை இரண்டு. டயடெக்மா குளிருக்கு ஏற்றது; வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது, நீலகிரியில் நிலைத்துவிட்டது. கொட்டேசியா வெயில் தாங்கும். இரண்டும் ஒரே புழுவில் முட்டையிட்டால் ஒன்றுதான் பிழைக்கும். ஊட்டிக் குளிரில் யார் கை ஓங்கும், சமவெளி வெயிலில் யார் கை ஓங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நடுவாந்தரச் சூட்டில், அதுவும் தனியொரு தோட்டத்துக்கு, யாராலும் உறுதி தர முடியாது.

ஏன் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்க் என்பவர் கேஸ்டேனியம், கன்ஃப்யூசம் என்ற இரண்டு மாவு வண்டு இனங்களைப் பல குப்பிகளில், ஒரே மாவில் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். 1954இல் வெளியான முடிவு இது: 34 டிகிரி சூடும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் எப்போதும் கேஸ்டேனியம் இனமே மிஞ்சியது. 24 டிகிரி, 30 சதவீதத்தில் எப்போதும் கன்ஃப்யூசம். 29 டிகிரி, 70 சதவீதத்தில்? நூற்றுக்குச் சுமார் 86 முறை கேஸ்டேனியம், மீதி முறை மற்றது. அதே மாவு, அதே சூடு, முடிவு மட்டும் வேறு.

இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தற்செயல் இருக்கிறது என்பதால் கணக்கே இல்லை என்று ஆகிவிடாது. 86 என்பதும் கணக்குதான். பல குப்பிகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும், ஒரு குப்பியில் தெரியாது. தோற்ற ஒரு குப்பியை மட்டும் பார்த்தவர் கேஸ்டேனியம் உதவாது என்பார். உங்கள் தோட்டம் அந்த ஒரு குப்பி. குளவி கொஞ்சமாக இருக்கும்போது ஒரு நாள் மழையே அதன் கதையை மாற்றிவிடும். பெருகிவிட்டால் அவ்வளவு ஆட்டம் காணாது. குளவி கொஞ்சமாக இருக்கும் அந்த நாளில்தான் நீங்கள் மருந்து அடிக்கிறீர்கள்!

பார்க் 1948லேயே இன்னொன்றையும் காட்டினார். மாவில் அடெலினா என்ற ஒட்டுண்ணி இருந்தபோது பெரும்பாலும் தோற்ற கேஸ்டேனியம், அது இல்லாதபோது பெரும்பாலும் ஜெயித்தது. மூன்றாவது ஆள் நுழைந்தால் பந்தயமே தலைகீழ். நம் தோட்டத்தில் அந்த மூன்றாவது ஆள் உங்கள் ஸ்பிரேயர்தான். அதை லக்கு என்று சொல்லாதீர்கள்.

இலையைத் திருப்பிப் பாருங்கள். செத்த புழுவுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கூடு ஒட்டியிருந்தால் கொட்டேசியா. பூச்சியின் வலைக்கூட்டுக்குள்ளேயே பழுப்பாக, மாத்திரை போல் இருந்தால் டயடெக்மா. ஒரு மூலையோடு நிற்காமல் நாலு மூலையும் பாருங்கள், பக்கத்துத் தோட்டத்தையும் கேளுங்கள். கண்ட மருந்தையும் கலந்து அடிக்காதீர்கள். புழு மிஞ்சிப் போனால் பி.டி. நுண்ணுயிர் மருந்து போதும்; பறக்கும் குளவியை அது கொல்லாது. சந்தேகமா? கடைக்குப் போகும் முன்னால் அந்தக் கூட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ராத்திரி ஆனாலும் பதில் சொல்கிறேன்.