சாப்பாடு இலைக்கு வரட்டும், மாத்திரை அப்புறம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் அவசரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தால், பல நேரம் விஷயம் என்னவென்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிடும். இந்த வாரமும் அதேதான். அறுபதைத் தாண்டிய ஒருவர், பேரன் பிறந்தநாள் என்று குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போயிருக்கிறார். டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் காத்திருந்தபோது வியர்த்துக் கொட்டியிருக்கிறது, சம்பந்தமில்லாமல் ஏதோ பேசியிருக்கிறார், அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டார். வெயில் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்து, விசிறிவிட்டு, அதிலேயே நேரம் போய்விட்டது. எங்களிடம் வந்தபோது சர்க்கரை 38. 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரைதான். கேட்டால், வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே கிளிமிபிரைடு என்கிற சர்க்கரை நோய் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருக்கிறார். “பிரியாணி, ஐஸ்கிரீம் எல்லாம் இருக்கே சார், அதான் ஒண்ணு சேர்த்துப் போட்டுக்கிட்டார்” என்கிறார் மகன்.

இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது! விருந்துக்குப் போகிற நாளில் ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. தயவுசெய்து இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கவைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா, இன்னும் டோக்கனோடு நிற்கிறீர்களா என்று அவை பார்ப்பதில்லை. உள்ளே போனதும் வேலையை ஆரம்பித்துவிடும், அதன் விளைவு ஒரு நாள் வரைக்கும் இருக்கும். நீங்கள் சேர்த்துப் போட்ட மாத்திரை அந்த ஒரு பிளேட் பிரியாணியை மட்டும் தேடிப்பிடித்துச் சரிசெய்யாது. பிரியாணி வரும் முன்பே சர்க்கரையை இறக்கும், பிரியாணி செரித்து முடிந்த பிறகும், நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும் இறக்கிக்கொண்டிருக்கும். சரி, நான் போடுவது மெட்ஃபார்மின்தானே என்பீர்கள். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை இப்படிக் கீழே தள்ளுவது அரிது, உண்மைதான். ஆனால் அது முக்கியமாக ஈரலில் நாள்கணக்கில் வேலை செய்கிற மருந்து. இன்று மதியச் சாப்பாட்டுக்காக இன்று காலை ஒன்று கூடுதலாகப் போட்டால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். அதைவிடப் பெரிய சிக்கல், பலர் மெட்ஃபார்மின் என்று நினைத்து விழுங்குவது இரண்டும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அட்டையில் பெயருக்குப் பின்னால் எம்1, எம்2 என்று போட்டிருந்தால் அநேகமாக உள்ளே கிளிமிபிரைடும் இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தை ஒரு தடவையாவது படித்துப் பாருங்கள், புரியவில்லை என்றால் மருந்துக்கடைக்காரரிடம் காட்டுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதேதான். ரெகுலர், ப்ரீமிக்ஸ் ஊசிகளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்வது நாங்கள்தான். அது வீட்டில், சாதம் வெந்து இறங்கிய பிறகு. ஹோட்டல் வாசலில் முப்பது பேர் பின்னால் நிற்கும்போது அந்த அரை மணி எப்போது தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? உட்கார இடம் கிடைத்தாலும், அதன்பிறகு தண்ணீர் வர வேண்டும், சப்ளையர் வர வேண்டும், “பத்து நிமிஷம் சார்” என்பது முக்கால் மணி நேரமாகும். வெளியே சாப்பிடும் நாளில் இலையோ தட்டோ கண்ணெதிரே வந்த பிறகு போடுங்கள். அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு அளவு கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், பரவாயில்லை. ஒரு வேளை 220 ஆவதால் யாரும் மயங்கி விழுவதில்லை. உங்கள் ஊசிக்குச் சரியான நேரம் எது என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு தடவை தெளிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்குத் தாமதமாகும் என்று தெரிந்தால் வீட்டிலேயே ஒரு கைப்பிடி சுண்டலோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். விருந்துக்கு வயிற்றைக் காலியாக வைத்திருக்கும் பழக்கம் உங்களுக்கு ஆகாது.

அளவு பற்றி. வெந்த சாதம் 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. சப்ளையர் வாளியிலிருந்து ஒரே கரண்டியில் அள்ளிப் போடுகிற அந்தக் குவியல் 200 கிராமுக்குக் குறையாது. சாம்பாருக்கு ஒன்று, வத்தக்குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்குக் கடைசியாக ஒன்று என்று நீங்கள் எண்ணாமலே ஒரு நாள் சாதத்தை ஒரு வேளையில் முடித்துவிடுகிறீர்கள். இதில் சப்ளையர் மேல் குற்றமில்லை. இலை காலியாக இருந்தால் போடு என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கையை இலைக்கு மேல் வைத்து “போதும்” என்று சொல்ல வெட்கப்படுகிறவர் நீங்கள்தான். காசு கொடுத்தாச்சே என்ற கணக்கு வேறு. அளவுச் சாப்பாடு கிடைக்கிற இடத்தில் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் உட்கார்ந்ததும் சப்ளையரிடம், “தம்பி, எனக்கு சாதம் பாதி போதும், பொரியல் இன்னொரு தடவை வை” என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை இதற்கு முகம் சுளித்த சப்ளையர் அபூர்வம், அவர்கள் வீட்டிலும் ஒரு சுகர்காரர் இருக்கிறார். சாதம் வருவதற்கு முன்பே கூட்டு, பொரியலை முடித்துவிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சாதம் கூடாது என்று இரண்டு பரோட்டா வாங்குகிறவர்களுக்கு இங்கே தனியாக விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அது மைதா.

முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதற்காக வாரி வாரிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். அவர் நிற்கட்டும்.

மது அருந்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் குடித்தால் ஈரல் சர்க்கரையை வெளியிடுவது தடைபடும். மேலே சொன்ன மாத்திரையும் உள்ளே இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். நாக்குக் குழறுகிறது, தள்ளாடுகிறார், கோபப்படுகிறார் என்றால் போதை என்று நினைத்து ஓரமாகப் படுக்கவைத்துவிடுவார்கள். அப்படிப் படுக்கவைத்து மறுநாள் காலையில் கொண்டுவரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் பழையபடி திரும்பவில்லை.

ஹோட்டலில் யாருக்காவது திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் முதலில் “சுகர் இருக்கா?” என்று கேளுங்கள். நினைவு இருந்து, விழுங்க முடிந்தால் மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். காபி போடுகிற இடத்தில் சர்க்கரை இல்லாத ஹோட்டல் கிடையாது. சப்ளையர் தம்பிகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: முதலாளியைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், எடுத்துக் கொடுங்கள். டயட் கோலா கொடுத்துப் பயனில்லை, அதில் சர்க்கரை இல்லை. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாக உதவாது, அவர்கள் குளுக்கோஸ் பொடியைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு சாப்பிடவையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகலாமா என்பார். அனுப்ப மாட்டோம், சண்டை போடாதீர்கள். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் நீளும். ஒரு நாளாவது பார்வையில் வைத்திருக்க வேண்டும். வரும்போது அவர் போட்ட மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள், “வெள்ளைக் கலர் மாத்திரை டாக்டர்” என்று சொன்னால் எங்களுக்கு எதுவும் தெரியாது.