வோல்ட்டும் ஆம்பியரும் கையில் இருந்தால்: ஓம், வாட் கணக்கு

‘230 வோல்ட், 60 வாட்’ என்று அச்சிட்ட பழைய குண்டு பல்பைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். 60 முதல் 70 ஓம் வரை காட்டும். 65 என்றே வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அது மூன்றரை ஆம்பியர் இழுக்க வேண்டும், 800 வாட் எரிக்க வேண்டும். எரிவதோ 60 வாட்தான். மீட்டரிலும் கோளாறில்லை, சூத்திரத்திலும் கோளாறில்லை. அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும். அப்போது அதில் ஓடுவது 0.26 ஆம்பியர், அதன் தடை சுமார் 880 ஓம். குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் கணத்திலேயே பீஸாகிப் போவதற்கு இந்தக் குளிர்ந்த இழை வாங்கும் முதல் மின்னோட்ட வீச்சும் ஒரு காரணம்.

கணக்கு என்னவோ இரண்டே வரிதான். மின்னழுத்தத்தை (வோல்ட்) மின்னோட்டத்தால் (ஆம்பியர்) வகுத்தால் மின்தடை (ஓம்); இரண்டையும் பெருக்கினால் திறன் (வாட்). ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதற்கு மேல் ஒன்றைச் சொல்கிறது: வெப்பநிலை மாறாத உலோகத்தில் அந்த வகுத்தல் விடை மாறாமல் இருக்கும். வெப்பநிலை மாறினால் விடையும் மாறும். ஆகவே வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே பொருளில், ஒரே நேரத்தில், அது வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். தவறான விடைகளில் பெரும்பாலானவை இங்கே சறுக்கியவைதான்.

ஒரு பவர் சப்ளையில் 12.0 வோல்ட் வைத்து, தடித்த கம்பிச்சுருள் ரெசிஸ்டர் (மின்தடை தருவதற்கென்றே செய்த பாகம்) ஒன்றை இணைக்கிறோம். தொடரில் வைத்த அம்மீட்டர், அதாவது மின்னோட்டம் அளக்கும் மீட்டர், 2.4 ஆம்பியர் காட்டுகிறது. 12.0 ÷ 2.4 = 5.0 ஓம் என்று எழுதிவிடத் தோன்றும். வோல்ட்மீட்டரை ரெசிஸ்டரின் இரு கால்களிலேயே வைத்துப் பார்த்தால் 11.6 வோல்ட்தான் இருக்கிறது. சரியான தடை 4.83 ஓம், திறன் 27.8 வாட். மீதி 0.4 வோல்ட் வயரிலும் கிளிப்பிலும் அம்மீட்டருக்குள்ளும் இறங்கிவிட்டது. அதையும் கணக்கிட்டால் 0.17 ஓம், கிட்டத்தட்ட ஒரு வாட். கிளிப் தளர்ந்திருந்தால் அந்த ஒரு வாட்டில் பெரும்பங்கு அந்தப் புள்ளியிலேயே சூடாகும். விரலால் தொட்டாலே தெரியும்.

தடை மிகப் பெரிதாக இருந்தால் நிலைமை தலைகீழ். 10 மெகாஓம் (ஒரு மெகாஓம் பத்து லட்சம் ஓம்) உள்தடை கொண்ட வோல்ட்மீட்டரை ஒரு மெகாஓம் ரெசிஸ்டரின் கால்களில் வைத்து 10 வோல்ட் கொடுத்தால், ரெசிஸ்டரில் 10 மைக்ரோஆம்பியரும் (மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மீட்டரில் 1 மைக்ரோஆம்பியரும் ஓடும். வெளியே இருக்கும் அம்மீட்டர் இரண்டையும் சேர்த்து 11 காட்ட, விடை 0.91 மெகாஓம் என வரும். இங்கே வோல்ட்மீட்டரை அம்மீட்டருக்கு முன்னால், சப்ளைப் பக்கம் மாற்ற வேண்டும். அளந்து முடித்ததும் சிவப்பு வயரை ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்ற மறந்தால், அடுத்த முறை சப்ளையைத் தொடும்போது அது நேரான ஷார்ட். மீட்டருக்குள் ஃப்யூஸ் போனால் அதிர்ஷ்டம்.

வாட் கணக்குக்கு எல்.இ.டி. நல்ல உதாரணம். 12 வோல்ட்டில், 2 வோல்ட் எடுக்கும் சிவப்பு எல்.இ.டி.க்கு அதிகபட்சம் 20 மில்லிஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர், தர வேண்டும். ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 10 வோல்ட். 10 ÷ 0.02 = 500 ஓம். (20 என்றே போட்டு வகுத்தால் அரை ஓம் வரும், மில்லியை மறப்பது பழகியவர்களுக்கும் நேரும்.) வழக்கமாகக் கிடைக்கும் மதிப்புகளில் அடுத்தது 560 ஓம். ஓட்டம் 17.9 மில்லிஆம்பியர், ரெசிஸ்டரில் 0.18 வாட். எல்.இ.டி. எடுப்பதோ 0.036 வாட், அதைப்போல் ஐந்து மடங்கு ரெசிஸ்டரில் சூடாகப் போகிறது. கால் வாட் ரெசிஸ்டர் போதும் போலத் தெரியும். ஆனால் அதே 12 வோல்ட் வாகன பேட்டரியாக இருந்து, சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட்டுக்குப் போனால், ரெசிஸ்டரின் பங்கு 12.4 வோல்ட். ஆம்பியர் என்பது வோல்ட்டை ஓமால் வகுத்தது என்பதால், வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தாலும் வாட் வரும்: 12.4இன் வர்க்கத்தை 560ஆல் வகுத்தால் 0.27 வாட். மின்னழுத்தம் கால் பங்குகூடக் கூடவில்லை, திறன் ஒன்றரை மடங்காகி வரம்பைத் தாண்டிவிட்டது. எல்.இ.டி.யிலும் 22 மில்லிஆம்பியர் ஓடுகிறது. இந்த இடத்தில் 680 ஓம், அரை வாட் போடுவதே சரி.

இதுவரை சொன்னது நேர்மின்னோட்டத்துக்கு. மாறுமின்னோட்டத்தில் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்கும் இதே கணக்கு செல்லும். மோட்டாருக்குச் செல்லாது. 230 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் இழுக்கும் மின்விசிறிக்குப் பெருக்கல் விடை 92. அது வோல்ட்-ஆம்பியர், வாட் அல்ல. திறன் காரணி (வோல்ட்-ஆம்பியரில் உண்மையில் வாட்டாகும் பங்கு) 0.8 என்றால் உண்மையில் செலவாவது 74 வாட். 230ஐ 0.4ஆல் வகுத்து வரும் 575 ஓமும் காயிலின் கம்பித் தடை அல்ல. காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பும், சுற்றும் மோட்டார் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமும் அதில் கலந்திருக்கின்றன. கழற்றிவைத்து ஓம்மீட்டரில் அளந்தால் அதைவிடக் குறைவாகவே காட்டும். மோட்டாருக்கு வாட் வேண்டுமென்றால், சுவர் பிளக்கில் செருகும் வாட்மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு மின்சாரத்தில் திறந்த வயரை மீட்டர் முனையால் தேடவும் வேண்டியதில்லை.