கோட்டோவியரின் முகம் புள்ளிகளான விதம்

அமெரிக்கக் கோட்டோவியர் சார்லஸ் டானா கிப்சன் வரைந்த படத்தை அச்சிடுவது எளிது. அவருடைய முகத்தை அச்சிடுவதுதான் கடினம். வாரிச் சுருட்டி உயர்த்திக் கட்டிய கொண்டையும் நிமிர்ந்த தோரணையுமாக, 1890களில் அமெரிக்க இதழ்களை ஆண்ட அவருடைய சித்திரப் பெண் 'கிப்சன் கேர்ள்' முழுக்க முழுக்கப் பேனாக் கோடுகளால் ஆனவள். அவளை லைன் பிளாக்காக, அதாவது கோடுகள் மட்டும் மேடாக நிற்கும் அச்சுக்கட்டையாக, துத்தநாகத் தகட்டில் எடுத்துவிடலாம். ஒளிப்படமோ சாம்பல் நிறத்தின் எண்ணற்ற சாயல்களால் ஆனது. அச்சு இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் மை படும் இடம், படாத இடம் என்ற இரண்டு மட்டுமே.

அக்காலத்தில் பத்திரிகைகளுக்குப் பிரமுகர்களின் படங்களை விற்ற நிறுவனங்களுள் ஒன்று, 1898இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பெயின் செய்தி நிறுவனம். அதன் கண்ணாடி நெகட்டிவ்கள் ஏறத்தாழ 40,000 இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. கண்ணாடியின் மேல் ஜெலட்டினில் கலந்து பூசிய வெள்ளி புரோமைடு, ஒளி பட்ட இடங்களில் டெவலப்பர் என்னும் உருத்துலக்கும் கரைசலால் கறுத்த வெள்ளியாக மாறும்; ஒளி படாமல் மிஞ்சியதை ஹைப்போ என்னும் நிலைநிறுத்தும் கரைசல் கரைத்து நீக்கும். அந்தத் தகடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. நீலக் கண்கள் வெளிறியும், சிவந்த உதடுகளும் கன்னத்து மச்சங்களும் உள்ளதைவிடக் கறுத்தும் பதிந்ததற்கும் அதுவே காரணம். அக்காலப் படங்களில் பலர் சற்றுக் கடுகடுப்பாகத் தெரிவதில் இந்த ரசாயனத்துக்கும் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. பெயின் படங்களின் ஓரத்தில் வெள்ளைக் கையெழுத்தில் காணப்படும் பெயர், நெகட்டிவின் மேலேயே மையால் எழுதப்பட்டது. மை ஒளியை மறைத்ததால், காகிதத்தில் எழுத்து வெளுத்து விழுந்தது.

இத்தகைய ஒளிப்படத்தை ஹாஃப்டோன் பிளாக்காக்க, அதாவது சாயல்களைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாகக் காட்டும் அச்சுக்கட்டையாக்க, பிளாக் எடுப்பவர் அதை மீண்டும் படம்பிடிப்பார். அப்போது ஒளியுணர் தகட்டுக்குச் சற்று முன்னால், நெருக்கமான கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு கண்ணாடித் திரை இருக்கும். திரையின் ஒவ்வொரு கட்டமும் நுண்துளைக் கேமரா போல இயங்கி, நடுவில் செறிந்து விளிம்பில் மங்கும் ஓர் ஒளிப்பொட்டைத் தகட்டில் விழச்செய்யும். நெற்றி போன்ற வெளிச்சமான பகுதியிலிருந்து வரும் பொட்டு பெரிதாகவும், மேல்சட்டையின் மடிப்பிலிருந்து வருவது சிறிதாகவும் பதியும். இந்த நெகட்டிவை ஒளியில் இறுகும் பூச்சு பூசிய உலோகத் தகட்டில் பதித்து அமிலத்தில் இட்டால், இறுகிய இடங்கள் மட்டும் மேடாக நிற்கும். நெற்றி சிறு மைப்புள்ளிகளாகவும், நிழல் பெரும் புள்ளிகளாகவும் அச்சாகும். அங்குலத்துக்கு 65 கோடுகள் கொண்ட திரை என்றால், ஒரு சதுர அங்குலத்தில் 4,225 புள்ளிகள்.

கிப்சனும் நிழலை இப்படித்தான் உண்டாக்கினார். கழுத்தடியில் கோடுகளைத் தடித்து நெருக்கியும், கன்னத்தில் காகிதத்தை வெறுமையாக விட்டும் அவருடைய பேனா செய்ததை, இங்கே கண்ணாடித் திரை முகம் பார்க்காமல் செய்தது.