கிண்ணத்துக்கு வரும் முன்பே பாதி செரித்துவிட்ட மக்காச்சோளம்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு நான்கு வயது. காலை ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன் வந்துவிடும். இட்லியோ தோசையோ கொடுத்தால் ஒரே வாயை அரை மணி நேரம் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிறானாம். கடையில் பெட்டியில் வரும் சாக்லேட் தானிய உருண்டைகளைப் பாலில் போட்டுக் கொடுத்தால் மட்டும் ஐந்து நிமிடத்தில் கிண்ணம் காலி. ‘பெட்டியில் இரும்புச்சத்து, வைட்டமின் எல்லாம் போட்டிருக்கிறது. அது போதாதா? போதாது என்றால், சர்க்கரை சேர்க்காத சாதாரண கார்ன் ஃப்ளேக்ஸுக்கு மாறிவிட்டால் சரியாகிவிடுமா?’ என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கான பதில் அவருக்கே தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டாவது கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். பெட்டியின் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 30 கிராம் உருண்டையில் 9 கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு டீஸ்பூன். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்த வயதில் அறவே கூடாது என்பது அமெரிக்க இதய சங்கம் 2016இல் தந்த அறிவுரை. வேன் ஏறுவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முடிந்துவிட்டது. இதில் 30 கிராம் என்பது பெட்டி அச்சடித்தவரின் கணக்கு. எந்தக் குழந்தையும் தராசு வைத்துக் கொட்டிக்கொள்வதில்லை. பல் சொத்தையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

காலை உணவுக்கு இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்றால், இந்த வயதில் வேண்டும். நான்கைந்து வயதில் மூளை குளுக்கோஸை விழுங்கும் வேகம் வாழ்நாளிலேயே உச்சத்தில் இருக்கிறது. உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 43 சதவீதம் மூளைக்கே போகிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தக் குளுக்கோஸைச் சேமித்து வைக்கும் கல்லீரலோ சிறியது, இரவெல்லாம் பட்டினி வேறு. வயிறும் சிறியது. எனவே காலையில் உள்ளே போகும் கொஞ்சம் உணவு, நின்று நிதானமாக குளுக்கோஸைத் தரவேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. சர்க்கரையை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

ஓர் உணவு ரத்தத்தில் குளுக்கோஸை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் கிளைசீமிக் குறியீடு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். சுத்தமான குளுக்கோஸுக்கு 100. நாம் காபியில் போடும் சர்க்கரைக்குச் சுமார் 65. சர்க்கரை பூசாத சாதாரண கார்ன் ஃப்ளேக்ஸுக்குச் சுமார் 80! அச்சுப் பிழை இல்லை. சர்க்கரையில் பாதிதான் குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸ் நேராகக் கல்லீரலுக்குப் போய்விடுவதால் ரத்த குளுக்கோஸில் அவ்வளவாகத் தலைகாட்டாது. கார்ன் ஃப்ளேக்ஸின் மாவுச்சத்து முழுக்க முழுக்க குளுக்கோஸ். சர்க்கரை பூசிய செதில்களின் குறியீடு பூசாததைவிடக் குறைவாக வந்த அளவீடுகளும் உண்டு. அதனால் சர்க்கரை நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வேகத்துக்குக் காரணம் சர்க்கரை மட்டுமல்ல என்பதே இங்கு செய்தி. மாவுச்சத்து ஏன் சர்க்கரையை முந்துகிறது? ஒரு மக்காச்சோள மணியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

செடி தன் குஞ்சுக்குச் சேர்த்து வைக்கும் சாப்பாடு மாவுச்சத்து. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலி அது. கிளையில்லாத நீண்ட சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர், கிளைகள் அடர்ந்ததற்கு அமைலோபெக்டின். இந்தக் கிளைகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு இரட்டைச் சுருள்களாகி, சுருள்கள் வரிசையாக அடுக்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகளாகின்றன. ஒரு மணியின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருக்கும். உள்ளே உண்மையாகவே படிக ஒழுங்கு இருக்கிறது. முனைவாக்கிய ஒளியில், அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளியில், நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால், பிரகாசமான ஒவ்வொரு மணியின் மீதும் ஒரு கறுப்புப் பெருக்கல் குறி தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் இதை முதல்முறை பார்த்தபோது, சமையலறை மாவுக்குள் இப்படி ஒரு கட்டடக்கலையா என்று மலைத்துப்போனேன். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீர் விட்டு மெல்லச் சூடாக்குங்கள். அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மணிகள் ஒவ்வொன்றாக ஊதும், கறுப்புக் குறி மங்கும், எழுபதை ஒட்டி மறைந்தேபோகும். நீர் உள்ளே புகுந்து சுருள்களைப் பிரித்துவிட்டது, படிகம் குலைந்துவிட்டது. கஞ்சி கெட்டிப்படும் கணம் இதுதான்.

செரிமானத்துக்கு இது ஏன் முக்கியம்? நம் எச்சிலிலும் கணைய நீரிலும் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, முறுக்கிய சுருளைச் சுலபமாக வெட்டாது. அவிழ்ந்து கிடக்கும் சங்கிலியைத்தான் வெட்டும். பச்சை மாவை மென்றால் மெல்லக் கொறிக்கும். வெந்த மாவைக் கொடுத்தால் வெட்டித் தள்ளிவிடும். சமையல் என்பதே நம் குடலின் வேலையில் ஒரு பகுதியை அடுப்புக்கு மாற்றிக் கொடுப்பதுதான்.

தொழிற்சாலை இந்த வேலையை எல்லைவரை கொண்டுபோகிறது. சாக்லேட் உருண்டைகளையும் பல வகை வளையங்களையும் செய்யும் பிதுக்கு இயந்திரத்தை நம் வீட்டு முறுக்கு உழக்கின் பிரம்மாண்ட வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். உருளைக்குள் சுழலும் திருகு, மாவை முன்னே தள்ளிக்கொண்டே பிசைகிறது. ஈரம் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. வெப்பம் 120இலிருந்து 180 டிகிரி வரை. பல பத்து வளிமண்டல அழுத்தம். கொதிநிலையைத் தாண்டிய நீர், அழுத்தத்தால் ஆவியாக முடியாமல் உள்ளே அடைபட்டிருக்கிறது. சுருள்கள் அவிழ்வதோடு நிற்பதில்லை. திருகின் உராய்வு அமைலோபெக்டின் கிளைகளையே முறித்துப் போடுகிறது. நொதி பிறகு செய்ய வேண்டிய வெட்டு வேலையில் கொஞ்சம் இங்கேயே முடிந்துவிடுகிறது. பிறகு வாசல். துளையைத் தாண்டிய நொடியில் அழுத்தம் சட்டென்று விழுகிறது, அடைபட்ட நீர் முழுவதும் ஆவியாகிப் பாய்கிறது, மாவு பல மடங்கு உப்பி அப்படியே உறைந்துவிடுகிறது. வாசலில் சுழலும் கத்தி அதைத் துண்டு துண்டாக நறுக்கித் தள்ளுகிறது. ஒவ்வொரு துண்டும் காற்றறைகள் நிறைந்த மெல்லிய சுவர்கள்தான். பாலில் விழுந்த சில நிமிடத்தில் சுவரெல்லாம் நனைந்துவிடும். நொதி எந்தப் பக்கமும் நுழையலாம். அந்தக் குழந்தை ஐந்து நிமிடத்தில் கிண்ணத்தைக் காலி செய்வதில் வியப்பு என்ன இருக்கிறது? மெல்ல வேண்டிய வேலையே மிச்சமில்லை.

கார்ன் ஃப்ளேக்ஸ் செய்யும் பழைய முறை வேறு. உடைத்த மக்காச்சோளத்தை அழுத்தக் கலனில் வேகவைத்து, உலர்த்தி, உருளைகளுக்கு இடையே நசுக்கி, வாட்டி எடுப்பார்கள். முடிவு ஏறத்தாழ அதே. நம் பொரியும் இந்தக் குடும்பம்தான். சூடான மணலில் அரிசி உப்புவது அதே நீராவியால்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் சேமியா. அதுவும் பிதுக்கு இயந்திரத்தில்தான் பிறக்கிறது. ஆனால் சூடில்லாமல், உப்பாமல், அடர்த்தியாக வருகிறது. கோதுமையின் புரதம் மாவு மணிகளைச் சுற்றி வலை பின்னி நிற்கிறது. அதன் உறவினரான பாஸ்தாவின் குறியீடு 50ஐ ஒட்டித்தான் வருகிறது. தானியத்தின் பெயரைவிட அதை என்ன செய்தார்கள் என்பது முக்கியம்.

இதை நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று 1999இல் பாஸ்டனிலிருந்து வந்தது. உடல் பருமனான 12 பதின்வயதுச் சிறுவர்கள். ஒரு நாள் உடனடி ஓட்ஸ், ஒரு நாள் வெட்டிய முழு ஓட்ஸ், ஒரு நாள் காய்கறி ஆம்லெட். மூன்றிலும் ஒரே கலோரி. பிறகு விருப்பம்போல் சாப்பிட விட்டார்கள். உடனடி ஓட்ஸ் தின்ற நாளில், முழு ஓட்ஸ் நாளைவிட 53 சதவீதமும் ஆம்லெட் நாளைவிட 81 சதவீதமும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். இரண்டு ஓட்ஸும் ஒரே தானியம்! வேகமாக ஏறிய குளுக்கோஸை இன்சுலின் வேகமாக இறக்க, உடல் பசி மணியை அடித்துவிட்டது. பன்னிரண்டே பேர், அதுவும் பெரிய பையன்கள் என்பதால் நான்கு வயதுக் குழந்தைக்கு இந்தச் சதவீதங்களை அப்படியே பொருத்தக் கூடாது. திசையைக் காட்டுகிறது, அவ்வளவே.

‘அப்படியானால் இட்லி?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நைசாக அரைத்து ஆவியில் வெந்த அரிசி மாவும் வேகமாகச் செரிப்பதே. பாரம்பரியம் என்பதற்காக நொதி நம் இட்லிக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நிற்காது. இட்லியைக் காப்பாற்றுவது உளுந்தின் புரதம், புளித்த மாவின் அமிலம், கூட வரும் சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும். புரதமும் கொழுப்பும் வயிற்றின் வாசலை மெதுவாகத் திறக்கச் சொல்கின்றன. இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக் கொடுத்தால் இந்தக் காவல் பாதி போய்விடும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று போகும் பட்டியலில் எனக்குப் பிடித்தது கூடவே ஊற்றும் காய்கறிச் சாம்பார்தான்.

இந்த இடத்தில் ஒரு மூடநம்பிக்கையையும் தட்டிவிட்டுப் போகிறேன். சர்க்கரை தின்றால் பிள்ளைகள் துள்ளுவார்கள் என்று ஆசிரியர்கள்கூடச் சொல்கிறார்கள். 1994இல் ஒரு குறும்பான சோதனை நடந்தது. 5 முதல் 7 வயதுள்ள 35 சிறுவர்கள். தம் பிள்ளைக்குச் சர்க்கரை ஆகாது என்று நம்பிய தாய்மார்கள். எல்லாச் சிறுவர்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத இனிப்புப் பானம். பாதித் தாய்மார்களிடம் மட்டும் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று பொய் சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள்தான் ‘என்ன ஆட்டம் போடுகிறான்!’ என்று கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். பிள்ளையை அதிகம் கண்டித்ததும் அவர்களே. சர்க்கரையைக் குறைக்க நல்ல காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன, இதையும் சேர்க்க வேண்டாம்.

இனி பெட்டியில் மின்னும் வைட்டமின்கள். 1894இல் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரச் சுகாதார விடுதியில் கெல்லாக் சகோதரர்கள் கோதுமைச் செதிலைக் கண்டுபிடித்தபோது அது நோயாளிகளுக்கான சப்பென்ற உணவு. இனிப்பு ஏறியது பின்னால். 1970இல் ராபர்ட் சோட் என்பவர் அமெரிக்க செனட் குழுவின் முன்னால், 60 வகைத் தானியப் பெட்டிகளைத் தரவரிசைப்படுத்தி, பெரும்பாலானவற்றில் வெறும் கலோரிதான் இருக்கிறது என்று போட்டு உடைத்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பல நிறுவனங்கள் வைட்டமின்களையும் இரும்பையும் கூட்டின. தானியத்தைக் குறைவாகச் சிதைப்பதைவிட, சிதைத்த பிறகு தூவுவது மலிவு.

இரும்பை நீங்களே பார்க்கலாம். இரும்பு சேர்த்த செதில்களைப் பொடித்து, வெந்நீரில் கரைத்து, வலுவான காந்தத்தைப் பாத்திரத்தின் வெளிச்சுவரில் வைத்து நன்றாகக் கலக்குங்கள். பல வகைகளில் சாம்பல் நிறத் தூள் காந்தத்தை நோக்கி வந்து ஒட்டும். இரும்புத் தூளேதான், ஆபத்தில்லை. இரைப்பை அமிலம் அதில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொள்ளும். ஆனால் பாலின் கால்சியம் உறிஞ்சலைக் கொஞ்சம் தடுக்கும். இதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் நாட்டில் எந்த இரும்பும் இரும்புதான். அதற்காக இரண்டு டீஸ்பூன் சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்க வேண்டியதில்லை.

விளம்பர ஆய்வுகளிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தன் தானிய உணவு பிள்ளைகளின் கவனத்தை ஏறத்தாழ 20 சதவீதம் கூட்டுவதாக விளம்பரம் செய்த கெல்லாக் நிறுவனத்தை 2009இல் அமெரிக்க வணிக ஆணையம் தடுத்து நிறுத்தியது. அந்த அளவு முன்னேற்றம் கண்டது ஒன்பதில் ஒரு குழந்தை. ஒப்பிட்டதும் வெறும் தண்ணீர் குடித்த குழந்தைகளோடு! பட்டினியை வெல்ல எந்த உணவாலும் முடியும். நம் ஊர் உப்புமாவையும் கேழ்வரகுக் கூழையும் சிறு குழந்தைகளிடம் இதே முறையில் அளந்து பார்க்க அரசுப் பணம் ஒதுக்கினால், பெட்டிக்காரர்களின் ஆய்வை மேற்கோள் காட்டும் நிலை நமக்கு வராது. ஆளில்லாத கருத்தரங்குகளுக்குச் செலவாகும் தொகையில் இதைச் செய்துவிடலாம்.

ஆக, கோவை வாசகிக்கு: அவசரமான ஒரு காலைக்கு அந்தக் கிண்ணம் தவறில்லை. அதில் சத்தின் பெரும்பகுதி பால்தான்; 30 கிராம் செதிலின் புரதம் இரண்டு கிராமை ஒட்டியது, அரை டம்ளர் பாலில் அதைவிட அதிகம். அதோடு ஒரு முட்டையோ ஒரு பிடி வேர்க்கடலைப் பொடியோ சேர்ந்தால் வேகமும் குறையும். தினமும் அது மட்டுமே என்றால் போதாது. சாதாரண கார்ன் ஃப்ளேக்ஸுக்கு மாறினால் பல்லுக்கு நல்லது, பசிக்குப் பெரிய வித்தியாசம் இராது.

ஆனாலும் மாறச் சொல்வேன், வேறொரு காரணத்துக்காக. அமெரிக்காவில் 5 முதல் 12 வயது வரையுள்ள 91 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு இனிப்பு அதிகமான செதில், மற்றொன்றுக்குக் குறைவானது. இரு மேசையிலும் பால், பழம், சர்க்கரைப் பொட்டலம் வைத்து, இஷ்டம்போல் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முதல் குழு சராசரியாக 61 கிராம் செதில் தின்றது, இரண்டாவது 35 கிராம். இரண்டாம் குழுவினர் பொட்டலத்தைப் பிரித்துத் தாராளமாகத் தூவியும், உள்ளே போன சர்க்கரை மொத்தம் 12.5 கிராம்தான், முதல் குழுவுக்கு 24 கிராமுக்கு மேல். செதிலின் மேல் பழத்தைப் போட்டுக்கொண்டவர்கள் இரண்டாம் குழுவில் பாதிக்கு மேல், முதலாவதில் பன்னிரண்டில் ஒருவர். சாப்பாடு பிடித்திருந்ததா என்று கேட்டதற்கு இரு குழுவும் பிடித்திருந்தது என்றே சொன்னது. எனவே சர்க்கரை டப்பாவையும் நறுக்கிய வாழைப்பழத்தையும் மேசையில் வைத்துவிட்டு, கரண்டியை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.