எஞ்சின் என்றால் பொறி

எஞ்சினியரைப் பொறியாளர் ஆக்கிவிட்டோம், எஞ்சினியரிங்கைப் பொறியியல் ஆக்கிவிட்டோம், ஆனால் இரண்டுக்கும் வேரான எஞ்சினை மட்டும் இன்னும் எஞ்சின் என்றோ இயந்திரம் என்றோதான் பெரும்பாலும் எழுதுகிறோம். பழைய நீராவி எஞ்சின்களைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போது இது உறுத்தத் தொடங்கும். எஞ்சின், அது ஓட்டும் மெஷின் இரண்டுமே இயந்திரம் என்றால் வாசிப்பவருக்கு எது எதை ஓட்டுகிறது என்றே புரியாது.

லத்தீனில் இங்கேனியம் என்றால் ஒருவருக்குப் பிறவியிலேயே வாய்த்த அறிவுக்கூர்மை. பழைய பிரெஞ்சு வழியாக வந்தபோது அதோடு தந்திரம், உபாயம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்குள் நுழைந்த காலத்தில் இந்தச் சொல்லுக்கும் நீராவிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. விலங்கைச் சிக்கவைக்கும் கண்ணியும் எஞ்சின்தான், கோட்டை மதிலை நோக்கிக் கல்லெறியும் போர்க்கருவியும் எஞ்சின்தான். அந்தப் போர்க்கருவிகளைச் செய்தவர்கள்தான் முதல் எஞ்சினியர்கள். பிற்காலத்தில் பாலமும் கால்வாயும் கட்டியவர்களை அவர்களிடமிருந்து பிரித்துச் சொல்லத்தான் 'சிவில்' என்ற அடைமொழியே வந்தது. பருத்தியில் கொட்டை நீக்கும் ஜின்னிங் இருக்கிறதே, அந்த ஜின்னும் எஞ்சினில் முன்பாதி உதிர்ந்து மிஞ்சியதுதான்.

இப்போது பொறியைப் பாருங்கள். எலிப்பொறி என்று இன்றும் சொல்கிறோம். சிலப்பதிகாரம் மதுரை மதிலின் காவற்கருவிகளை அடுக்கும்போது கல்லுமிழ் கவணோடு 'வளைவிற் பொறி'யையும் சேர்த்துச் சொல்கிறது. தானே வளைந்து அம்பு எய்யும் வில் என்பது அதற்கு உரை. சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை தப்பிப்பது, மயில் வடிவில் பறக்கும் மயிற்பொறியில் ஏறி. கண்ணி, போர்க்கருவி, சூட்சுமமாகச் செய்த அமைப்பு என்று எஞ்சின் சுமந்த அதே பொருள்கள் தமிழிலும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு இது பெரிய ஆச்சரியம். தீப்பொறி, ஐம்பொறி, அரசர்களின் முத்திரைப் பொறி என வேறு பொருள்களும் உண்டுதான், ஆனால் இடம் பார்த்துப் புரிந்துகொள்வதில் யாருக்கும் சிரமம் இருக்காது.

இயந்திரம் வடமொழி யந்திரத்திலிருந்து வந்தது. அதன் தமிழ் வடிவமான எந்திரமும் பழைய சொல்தான், ஐங்குறுநூற்றிலேயே 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்று வருகிறது. அதனால் அதைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. கரும்பைப் பிழிவது எந்திரத்தின் வேலை. அதை ஓட்ட வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும். அந்த விசையைத் தருவதுதான் எஞ்சின். ஆக மெஷினுக்கு எந்திரம், எஞ்சினுக்குப் பொறி.

இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காமில் சாட்சி நிற்கிறது. போல்டன் அண்ட் வாட் நிறுவனம் செய்து 1779-இல் ஓடத் தொடங்கிய ஸ்மெதிக் எஞ்சின், இன்றும் இயங்கும் நிலையில் இருக்கும் உலகின் மிகப் பழைய நீராவிப் பொறி. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்திவிடும் கால்வாயின் மதகுப் படிகளைப் படகுகள் கடக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதைத் திரும்ப மேலே ஏற்றிக்கொண்டே இருப்பதுதான் இதன் வேலை. 1891 வரை அந்த வேலையைச் செய்தது. 1959-இல் நகர அருங்காட்சியகத்துக்கு வந்தது, இப்போது திங்க்டேங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கு முந்தைய நியூகோமன் எஞ்சினில் நீராவி நிறைந்த உருளைக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். ஆவி சுருங்கி வெற்றிடமாகும், வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஆனால் உருளையும் சேர்ந்து குளிர்ந்துவிடுவதால் பிஸ்டனின் அடுத்த அசைவுக்கு அதை மறுபடி சூடாக்கியே நிலக்கரி தீரும். போல்டனின் கூட்டாளியான ஜேம்ஸ் வாட் ஆவியைப் பக்கத்தில் தனிக் கலத்துக்கு இழுத்து அங்கே குளிரவைத்தார், உருளை சூடாகவே இருந்தது. 1769-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. நிறுவனம் வாங்கிய கட்டணமே மிச்சமான எரிபொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்றால் இந்த உபாயத்தின் விலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இங்கேனியம் என்பது இதுதான்.

அப்புறம் தந்திரம் என்ற பொருளுக்கும் பர்மிங்காமிலேயே உதாரணம் உண்டு. மேலும் கீழும் போகும் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஏற்பாட்டுக்கு அந்த ஊரின் ஜேம்ஸ் பிக்கார்ட் 1780-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். அதைத் தொடாமலே சுழற்சியைப் பெற, ஒரு பற்சக்கரத்தை இன்னொன்று சுற்றிவரும் சூரிய-கோள் சக்கர ஏற்பாட்டை வாட் 1781-இல் பதிவுசெய்தார். யோசனை அவரிடம் வேலை பார்த்த வில்லியம் முர்டாக்குடையது என்பார்கள். அந்தச் சக்கரங்களோடு 1785-இல் செய்த ஒரு பொறி சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பயன்பாட்டில் ஒரே ஒரு இடம்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கும், கூட்டுச்சொற்கள். ஸ்டீம் எஞ்சின் நீராவிப்பொறி, பீம் எஞ்சின் உத்தரப்பொறி, பம்பிங் எஞ்சின் இறைபொறி என்று பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடுகின்றன. பர்மிங்காமின் டார்ட்மத் சர்க்கஸ் ரவுண்டானா நடுவில் 1817-ஆம் ஆண்டின் கிரேஸ்புரூக் எஞ்சின் நிற்கிறது. இரும்பு உருக்கும் உலைக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. அந்த உலைக்கு ஊதுலை என்று ஏற்கெனவே பெயர் இருப்பதால், இதை ஊதுபொறி என்று தாராளமாக எழுதலாம்.